ஜப்பான்காரன் நான்தான்

சார், தப்பா நெனைக்காதீங்க. பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு அடுத்தவர் போனை எட்டிப் பார்க்கிறது மரியாதை இல்லைதான். ஆனா கண்ணுல பட்டிருச்சு. மூங்கில் படம் போட்டு, பின்னாடி சூரியன் உதிக்கிற மாதிரி, யாரோ உங்களுக்குக் காலை வணக்கம் அனுப்பியிருக்காங்களே, அதுல சீனப் பழமொழின்னு ஒண்ணு போட்டிருக்கு பாருங்க. அது சீனாவுல இருந்து வந்ததில்ல. நான் எழுதினது.

சிரிங்க, சிரிங்க. எல்லாரும் மொதல்ல சிரிக்கத்தான் செய்யிறாங்க. அப்புறம் கொஞ்சம் தள்ளி உட்கார்றாங்க. நீங்க தள்ளி உட்காரலை, அதுவரைக்கும் சந்தோசம். ராமநாதபுரமா நீங்களும்? நல்லதாப் போச்சு. இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு.

எம் பேரு சோலையப்பன். சிவகாசியில ஒரு அச்சாபீஸ்ல இருபத்தாறு வருசமா புரூப் பார்க்கிறேன். அச்சாபீஸ் பேரு வேண்டாம், முதலாளி சங்கடப்படுவாரு. தினசரி காலண்டர் அடிக்கிற எடம். மேலே சாமி படம், அதுக்குக் கீழே கடை பேரு, அதுக்குக் கீழே தினம் கிழிக்கிற தேதித்தாள். அந்தத் தாள்ல ராகு காலம் இருக்கும், எமகண்டம் இருக்கும், ராசிக்கு ஒரு வார்த்தை பலன் இருக்கும். மேசம் வரவு, ரிசபம் அலைச்சல், இப்படி. அதெல்லாம் ஜோசியர் பாடு. எல்லாத்துக்கும் அடியில பொடி எழுத்துல ஒரு வரி இருக்குமே, அது என் பாடு.

மொதல்ல அப்படி இல்ல. எனக்கு முந்தி இருந்தவரு ஒரு பழைய நோட்டு வச்சிருந்தாரு. அதுல இருந்து வருசா வருசம் எடுத்துப் போடுவோம். ஒரு வருசம் நோட்டைக் கரையான் அரிச்சிருச்சு. ஆடிப்பெருக்கு அன்னைக்குப் புது காலண்டர் ஆல்பம் வெளியிட்டாகணும், ஏஜெண்டுக ஊர் ஊரா எடுத்துட்டுப் போய் ஆர்டர் பிடிக்கணும். முதலாளிகிட்டப் போய் நம்மூர்ப் பழமொழிகளைப் போட்டிருவோமான்னு கேட்டேன். "புலவரே, நம்மூர்ப் பழமொழி எல்லார் வீட்டுலயும் இருக்கு. அதுக்கு எதுக்கு காலண்டர்? நாலு வெளிநாட்டைப் போடும்"னாரு. புலவரேன்னுதான் கூப்பிடுவாரு. கேலியாத்தான். ஆனா எனக்கு உள்ளுக்குள்ள பிடிக்கும்.

வெளிநாட்டுக்கு நான் எங்க போறது? கையில முந்நூத்தி அறுபத்தஞ்சு தாள் காலியா இருக்கு. அது லீப் வருசம் வேற, ஒண்ணு கூட. அன்னைக்கு டீ வர லேட்டாச்சு. அந்தக் கடுப்புல பொறுமையைப் பத்தி ஒரு வரி எழுதி, கீழே சீனான்னு போட்டேன். முதலாளி படிச்சுட்டு மேசையைத் தட்டினாரு சார். "பார்த்தீரா? சீனாக்காரன் சீனாக்காரன்தான்யா!" அதே வரியை நான் எழுதினேன்னு குடுத்திருந்தா, போய் வேலையைப் பாரும்னு சொல்லியிருப்பாரு. அன்னைக்குப் பிடிபட்டுருச்சு எனக்கு.

அதுல இருந்து ஒரு முறை வச்சிருக்கேன். இஷ்டத்துக்குப் போட மாட்டேன். பொறுமைன்னா சீனா. உழைப்பு, ஒழுக்கம், குடும்பம்னா ஜப்பான். யானை, சிங்கம் வந்தா ஆப்பிரிக்கா. ஒட்டகம்னா அரேபியா. குளிர், குடி, சாவு மூணுக்கும் ரஷ்யா. படிக்க நல்லா இருந்து, அர்த்தம் புரியலைன்னா பெர்சியா. எழுதின எனக்கே புரியலைன்னா ஜென். ஒரு தடவை மட்டும் அவசரத்துல பனிக்கட்டியைக் கொண்டுபோய் ஆப்பிரிக்காவுல வச்சுட்டேன். தேனி பக்கம் ஒரு ஸ்கூல் வாத்தியார் கார்டு போட்டாரு. கண்டுபிடிச்சுட்டாருன்னு நெனைச்சேன். பார்த்தா, அந்தப் பழமொழி பிறந்த கதையைச் சொல்லுங்க, பேச்சுப் போட்டிக்கு வேணும்னு கேட்டிருக்காரு. ஒரு மலை, ஒரு ராஜா, ராஜாவுக்கு ரெண்டு மகன்னு மூணு பக்கம் எழுதி அனுப்பினேன். அந்தப் பிள்ளைக்கு மொதப் பரிசு.

இன்னொண்ணு கேளுங்க. உலகப் பழமொழிகள்ல குடும்பம்னு ஒரு அம்மா ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டம் வாங்கினாங்க. அதைப் புத்தகமாப் போட எங்க அச்சாபீஸுக்கே வந்துச்சு. புரூப் நான்தான் பார்க்கிறேன். அதுல பதினாலு என்னுது, சார்! விருந்தாளியைப் பத்தித் துருக்கிப் பழமொழி ஒண்ணு போட்டிருந்தேன். அதுக்கு ஆறு பக்கம் விளக்கம். அந்த மக்கள் கூடாரத்துல வாழ்ந்தாங்களாம், தண்ணி கஷ்டமாம், அதனால அப்படி ஒரு பழமொழி பிறந்துச்சாம். சார், எம் மச்சினன் வந்து ஒம்பது நாள் தங்கினான். அதுதான் துருக்கி. ஒரு இடத்துல ஒற்று விட்டுப் போயிருந்துச்சு, அதை மட்டும் போட்டுக் குடுத்துட்டேன்.

பொய்யான்னு கேட்காதீங்க. எது பொய்? வரி நல்ல வரி. நாடும் நல்ல நாடு. ரெண்டையும் சேர்த்து வச்சேன். ஊர்ல எத்தனையோ தரகர்க செய்யிற வேலைதானே.

அருப்புக்கோட்டை வருது. சார், ஒரு உதவி. பஸ் ஸ்டாண்டைத் தாண்டற வரைக்கும் கொஞ்சம் முன்னால சாஞ்சு உட்காருங்க. இடதுகைப் பக்கம் ஒரு பாத்திரக்கடை வரும். சம்பந்தி கடை. என்னைப் பார்த்தா, அந்தா போறாரு ஜப்பான்காரருன்னு பஸ்ஸையே நிறுத்திருவாரு.

போயிருச்சா? சரி, நிமிர்ந்துக்கோங்க. நன்றி.

எனக்கு ஒரே பொண்ணு சார். பூங்கனி. நர்சிங் படிச்சவ. தங்கம்னு அப்பன் சொல்லக் கூடாது, ஆனா தங்கம். மூணு வருசத்துக்கு முந்தி இந்தப் பாத்திரக்கடைக்காரர் தனுஷ்கோடி வீட்டுல குடுத்தேன். மாப்பிள்ளை ரத்தினகுமார் சாது. வாயைத் திறக்க மாட்டாரு. அந்த வீட்டுல வாயை மாமனாரே முழுசா எடுத்துக்கிட்டாரு. தனுஷ்கோடியும் கெட்ட மனுசன் இல்ல. ஒவ்வொரு வருசமும் கடைக்கு காலண்டர் நம்ம அச்சாபீஸ்லதான் அடிப்பாரு. அவரு கடையில ஏதாச்சும் ஒரு குடம் வாங்கினாக்கூட ஒரு காலண்டர் குடுத்துருவாரு.

போன பங்குனியில பூங்கனிக்கு கவர்மெண்ட் வேலைக்கு ஆர்டர் வந்துச்சு. ராமநாதபுரம் பக்கம், ஸ்டாப் நர்ஸ். பதினஞ்சு நாளைக்குள்ள போய்ச் சேரணும், இல்லைன்னா ஆர்டர் போயிரும். நாலு வருசம் காத்திருந்து எழுதி வாங்கின வேலை. பதினோராவது நாள் எனக்குப் போன் பண்ணினா. "அப்பா, இங்க விட மாட்டேங்கிறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை பேசுங்க"ன்னா. அழலை. அவ அழுதா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை போனேன். கடையில உட்கார வச்சு கலர் சோடா வாங்கிக் குடுத்தாரு. நான் பேச்சை ஆரம்பிச்சேன். வேலைங்கிறது ஒரு பாதுகாப்பு, கவர்மெண்ட் உத்தியோகம் லேசுல கிடைக்காது, அது இதுன்னு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, எந்திரிச்சு நின்னு, கல்லாவுக்கு மேல செவத்தைக் காமிச்சாரு.

"சம்பந்தி, நானா சொல்றேன்? அந்தா பாருங்க."

தைமாசத்துத் தேதித்தாள் ஒண்ணு. கிழிச்சு, பசை போட்டு ஒட்டியிருந்துச்சு. பொம்பளை வெளி வேலைக்குப் போனா வீட்டு விளக்கு அணைஞ்சிருங்கிற மாதிரி ஒரு வரி. கீழே ஜப்பானியப் பழமொழி.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க. ஆனா ஒண்ணு, உள்ளதைச் சொல்லிர்றேன் சார். மொத நிமிசம் எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. லட்சம் வீட்டுல கிழிச்சுப் போடுற தாள்ல ஒருத்தன் ஒண்ணை எடுத்துச் செவத்துல ஒட்டியிருக்கானேன்னு. ரெண்டாவது நிமிசம்தான் எம் பொண்ணு ஞாபகம் வந்துச்சு.

"சம்பந்தி, இது ஜப்பான் இல்ல. நான் எழுதினது."

"நீங்க புரூப் பார்த்திருப்பீங்க."

"புரூப் பார்த்தது வேற. எழுதினதே நான்தான்."

அவரு சிரிச்சாரு பாருங்க. "பொண்ணுக்காகப் பேச வந்தீங்க, பேசுங்க. அதுக்காக இப்படியா? புல்லட் ரயில் விடுற நாடு சம்பந்தி அது. அவங்க அனுபவிச்சுச் சொன்னதை நீங்க சிவகாசியில உட்கார்ந்து எழுதினேங்கிறீங்களே."

சார், வேற என்ன சொல்லியிருந்தாலும் நான் பொறுத்துக்கிட்டிருப்பேன். புரூப் பார்த்திருப்பீங்கன்னு சொன்னது சுருக்குன்னு தைச்சிருச்சு. எதுக்கு வந்தேங்கிறதே மறந்துபோச்சு. எந்த மேசையில எழுதினேன், எத்தனை தடவை அடிச்சு எழுதினேன், மொதல்ல அடுப்புன்னு போட்டு அப்புறம் எப்படி விளக்குன்னு மாத்தினேன், எல்லாத்தையும் சொன்னேன். "இந்த வரியில ஒரு வார்த்தையை எடுங்க பார்ப்போம்? எடுக்க முடியாது. ஜப்பான்காரனுக்கு இப்படி எழுத வருமா?"ன்னு கேட்டேன். பாத்திரம் வாங்க வந்தவங்க எல்லாம் நின்னு பார்க்கிறாங்க. ஒரு அம்மா கையில இருந்த இட்லிச்சட்டியைக் கீழே வைக்காம கேட்டுக்கிட்டு நிக்குது. அரை மணி நேரம் சண்டை. பொண்ணு வேலைக்குப் போகலாமா கூடாதாங்கிறதே பேச்சுல இல்ல.

திரும்பிப் பார்த்தா பூங்கனி நிக்கிறா. வீடு கடைக்குப் பின்னாடிதான். எப்ப வந்தான்னு தெரியலை.

"அப்பா, இதை நீங்களா எழுதினீங்க?"

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ஒருத்தியாச்சும் நம்புறாளேன்னு. "ஆமா தாயி, நான்தான்."

"யாரை நெனைச்சு எழுதினீங்க?"

இந்த இடத்துல நான் வாயை மூடியிருக்கணும். ஜோசியர் எனக்கு அன்னைக்கு மௌனம்னுதான் போட்டிருந்தாரு, காலண்டர்ல நானே புரூப் பார்த்தது. மூடலையே. "உங்கம்மாவைத்தான். அதுக்கு முந்தின சித்திரையில தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நின்னாள்ல? நான் சொன்னாக் கேட்க மாட்டா. ஜப்பான்காரன் சொன்னாக் கேட்டுட்டா"ன்னேன். கொஞ்சம் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்.

அவ சிரிக்கலை. "மூணு மாசமா தினம் காலையில கடை கூட்ட வரும்போது இதைப் படிக்கிறேன்பா. மாமா சொல்றதை எதிர்த்துப் பேசிருவேன். ஆனா எங்கேயோ இருக்கிற ஜனங்க, நம்மளை யாருன்னே தெரியாதவங்க, அவங்களும் இதையேதானே சொல்றாங்கன்னு நெனைச்சேன். அப்பத் தப்பு எம்மேலதான் போலன்னு வாயை மூடிக்கிட்டேன். கடைசியில நீங்கதானா?"

உள்ளே போனா. சர்டிபிகேட் பையையும் ஒரு துணிப் பையையும் எடுத்துட்டு வந்தா. யாரும் தடுக்கலை. தனுஷ்கோடி என்னையும் செவத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. மாப்பிள்ளை மட்டும் ஒரு குடையை எடுத்துக் குடுத்தாரு. அன்னைக்கு அவரு செஞ்ச அந்த ஒரு காரியத்தை நான் மறக்க மாட்டேன். வெயில் அடிச்சிக்கிட்டு இருந்துச்சு.

பஸ் ஸ்டாண்டுக்கு அவ பின்னாடியே ஓடினேன். நம்ம வீட்டுக்கு வா தாயி, நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்னேன். "அந்த வீட்டுலயும் இந்த காலண்டர்தானே தொங்குது"ன்னு சொல்லிட்டு ராமநாதபுரம் பஸ்ல ஏறிட்டா. பதிமூணாவது நாள் வேலையில சேர்ந்துட்டா.

அப்புறம் கேளுங்க கூத்தை. தனுஷ்கோடி எங்க முதலாளிக்குப் போன் பண்ணி, உங்க ஆளுக்குப் புத்தி கலங்கியிருக்கு, ஜப்பான் பழமொழியைத் தன்னுதுங்கிறாருன்னு சொல்லியிருக்காரு. முதலாளி கூப்பிட்டாரு. "புலவரே, நிசமா?"ன்னாரு. நிசம், முதலாளின்னேன். "இத்தனை வருசமுமா? சீனாவுமா?"ன்னாரு. சீனாவும்தான்னேன். வீட்டுல அந்தச் சீனா வரியைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்காராம். மகனுக்குத் தொழிலைக் குடுக்கும்போது அதைச் சொல்லித்தான் குடுத்தாராம். "இனிமே நீர் எழுத வேண்டாம். இப்பத்தான் செல்போன்ல நிறைய வருதே, அதுல இருந்து எடுத்துப் போடும். அதாச்சும் ஒழுங்கா இருக்கட்டும்"னாரு. எடுத்துப் பார்த்தேன். முக்கால்வாசி என்னுது. வாயைத் திறக்காம அதையே போட்டுக் குடுத்துட்டேன், அடுத்த வருசத்துக்கு அதுதான் வருது.

வீட்டுல எம் பொண்டாட்டி வெயிலாட்சிக்குப் பூங்கனி எல்லாத்தையும் போன்ல சொல்லியிருக்கா. நான் சண்டை வரும்னு பயந்தேன். வரலை. மறுவாரம் காலையில ஏழரைக்கு டிபன் கேரியரை எடுத்துட்டுக் கிளம்பினா. எங்கன்னு கேட்டேன். "கம்பெனிக்கு"ன்னா. அம்பத்திரண்டு வயசு சார். மெசின்ல உட்கார்ந்து சட்டைக் காலர் தைக்கிறா. விளக்கு ஒண்ணும் அணையலை. சாயங்காலம் ஆறரைக்கு வந்து அவளே ஏத்துறா. அது வரைக்கும் நான் விளக்கேத்தாம உட்கார்ந்திருக்கேன், ஏன்னா தீப்பெட்டியை எங்க வைப்பான்னு எனக்குத் தெரியாது. சிவகாசிக்காரன், சொன்னா வெட்கக்கேடு.

மாப்பிள்ளை இப்ப வாராவாரம் சனிக்கிழமை ராமநாதபுரம் போயிர்றாராம். அப்பாகிட்ட என்ன சொல்லிட்டுப் போறாரோ. பொண்ணுக்கு எம்மேல மட்டும்தான் கோபம். நான் மட்டும்தான் குத்தவாளி. ஒட்டி வச்சவரு நல்லவரு, எழுதினவன் கெட்டவன். இது ஞாயமா? நான் வீட்டுல பொண்டாட்டியோட மல்லுக்கு நின்னதை ஒரு வரியா எழுதினேன். அதை நம்பச் சொல்லி யாரையாச்சும் அடிச்சேனா?

அஞ்சு மாசம் சார். அவ குரலைக் கேட்டு அஞ்சு மாசம். போன் எடுக்க மாட்டா. எனக்குச் சாப்பாடு இறங்கலை. புரூப்ல எழுத்து கண்ணுக்குத் தெரியலை, போன வாரம் ஆவணியை ஆணின்னு விட்டுட்டேன். போன செவ்வாய்க்கிழமை வெயிலாட்சி போன்ல இருந்து நானே பேசினேன். வைச்சிராத தாயின்னேன். வைக்கலை. வந்து பார்க்கட்டுமான்னு கேட்டேன்.

"டூட்டிக்குப் போறதுக்கு முந்தி பத்து நிமிசம் வாங்க. எதையும் எழுதிட்டு வந்து வாசிக்கக் கூடாது. யாரோ சொன்னதையும் சொல்லக் கூடாது. உங்களுக்கு எங்கிட்ட என்ன சொல்லணுமோ, அதை நீங்க சொல்லுங்க"ன்னா.

இதுல என்ன கஷ்டம்னு நெனைப்பீங்க. முந்நூத்தி அறுபத்தஞ்சு எழுதுறவனுக்கு ஒண்ணு சொல்றது பெரிசான்னு நானும் நெனைச்சேன். செவ்வாய்க்கிழமையில இருந்து சொல்லிப் பார்க்கிறேன். கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்தேன். நெஞ்சுல இருக்கிறது தொண்டைக்கு வருது, தொண்டையில வரியாயிருது. வாயில தொட்டா அது எவனோ பெரிய மனுசன் சொன்ன மாதிரி வருது. மகளே, நான் தப்புப் பண்ணிட்டேன்னு நாலு வார்த்தை. அதுக்கு நாக்கு புரள மாட்டேங்குது.

அதான் மறந்திரக் கூடாதேன்னு எழுதி வச்சிருக்கேன். வாசிக்க மாட்டேன் சார், சத்தியமா. பரமக்குடி தாண்டினதும் மனப்பாடம் பண்ணிட்டுக் கிழிச்சுப் போட்டிருவேன். நீங்க படிச்ச மனுசன் மாதிரி இருக்கீங்க. இந்தாங்க, பாருங்க. மெதுவாப் படிங்க, அவசரம் இல்ல.

எப்படி இருக்கு? நல்லா இருக்குல்ல? அப்பன் மகள் பாசம், ஒரு மரம், ஒரு மழை, எல்லாம் ஒரே வரியில. ஒரு வார்த்தை எடுக்க முடியாது.

எதைக் காமிக்கிறீங்க? கீழேயா? கண்ணாடி போட்டுக்கிறேன், இருங்க.

கொரியா.

கைப்பழக்கம் சார். நெனைச்சு எழுதலை. ஜப்பான் வேண்டாம்னு கை தானாப் பக்கத்து நாட்டுக்குப் போயிருக்கு. பேனா இருக்கா? குடுங்க. இந்தா, அடிச்சாச்சு. ஒண்ணுக்கு ரெண்டு தடவை அடிச்சாச்சு. இப்ப வெறும் வரி மட்டும்தான். மறுபடி ஒருதரம் படிச்சுச் சொல்லுங்க.

ஏன் சார் தாளை எங்கிட்டயே நீட்டுறீங்க?

குடுங்க, நானே பார்க்கிறேன்.

ஆமா. எவனோ எவளுக்கோ சொன்ன மாதிரிதான் இருக்கு. சார், இதுல எம் பொண்ணு பேரே இல்லையே.